மறைந்த தேனீக்கு எது சாட்சி

பேரிடருக்குப் பின் அரசு வழங்கும் உதவித்தொகை பற்றிய பேச்சு பெரும்பாலும் தொகை போதுமா, போதாதா என்ற கேள்வியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. கால்நடை வளர்ப்போரையும் தேனீ வளர்ப்போரையும் பொறுத்தவரை அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு: எது இழப்பு என்று எண்ணப்படும், அதை எந்தச் சான்றைக் கொண்டு எண்ணுவார்கள்? பயிர் அழிந்தால் வயல் இருந்த இடத்திலேயே கிடக்கிறது. அதிகாரி ஒருவர் வந்து நின்று பார்த்துப் பரப்பைக் குறித்துக்கொள்ளலாம். மாடோ பனிப்புயலில் வெகுதூரம் நடந்துபோய் எங்கோ ஒரு பள்ளத்தில் விழுந்து சாகிறது. தேனீயோ பறந்துபோய்த் திரும்பாமலே போய்விடுகிறது. பிணமே கிடைக்காத சாவுக்கு இழப்பீடு கேட்பது எப்படி என்ற இந்தச் சிக்கலை அமெரிக்கச் சட்டம் 2008ஆம் ஆண்டிலிருந்து அவிழ்க்க முயன்று வருகிறது. அந்த முயற்சியில் எது கைகூடியது, எது இன்னும் கைகூடவில்லை என்பதை விதிகளின் வரிகளுக்குள் சென்று பார்த்தால்தான் புரியும்.

அமெரிக்க வேளாண் துறையின் ஓர் அங்கமான பண்ணைச் சேவை முகமை, கவுண்டிதோறும் (கவுண்டி என்பது மாநிலத்துக்கு உட்பட்ட நிர்வாகப் பிரிவு, ஏறக்குறைய மாவட்டம் போன்றது) அலுவலகம் வைத்து இந்த உதவிகளை வழங்குகிறது. திட்டங்கள் மூன்று. விலங்கு செத்தால் அதன் விலையில் ஒரு பங்கைத் தருவது கால்நடை இழப்பீட்டுத் திட்டம். வறட்சியால் மேய்ச்சல் நிலம் காய்ந்தால் தீவனச் செலவில் ஒரு பங்கைத் தருவது கால்நடைத் தீவனப் பேரிடர் திட்டம். இவ்விரண்டிலும் அடங்காத இழப்புகளுக்கென்று எழுதப்பட்ட மூன்றாவது திட்டத்தின் முழுப்பெயர், கால்நடை, தேனீ, பண்ணை மீன்களுக்கான அவசர உதவித் திட்டம் என்பதாகும். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஈலாப்’ என்று அங்கே அழைக்கிறார்கள். நோய், கடும் வானிலை, பனிப்புயல், காட்டுத்தீ போன்றவற்றால் நேர்ந்து, முதலிரண்டு திட்டங்களுக்குள் வராத இழப்பு எதுவோ அது இதற்குள் வரும் என்பதே இதன் வரையறை. விட்டுப்போனவற்றைச் சேர்த்து வைக்கும் கூடை இது. தேனீ இந்தக் கூடைக்குள்தான் இடம் பெற்றது.

இத்தகைய நிலையான திட்டங்கள் வருவதற்கு முன்பு, ஒவ்வொரு வறட்சிக்கும் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் நாடாளுமன்றம் தனித்தனியே சட்டம் இயற்றி நிதி ஒதுக்குவதே வழக்கமாக இருந்தது. எந்த மாநிலத்து உறுப்பினருக்குச் செல்வாக்கு உண்டு, அது தேர்தல் ஆண்டா இல்லையா என்பதையெல்லாம் பொறுத்து உதவி கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் மாறியது. 2008ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் (ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை இயற்றப்பட்டு, வேளாண்மை, உணவு உதவி இரண்டையும் ஒருங்கே ஆளும் பெருஞ்சட்டம்) இந்த நிலையை மாற்றி, இழப்பு நேருமுன்பே விதியை எழுதி வைத்தது. ஆனால் அந்த விதிக்கு அதே சட்டம் ஒரு முடிவு நாளையும் குறித்துவிட்டது. 30 செப்டம்பர் 2011க்குப் பின் நேரும் இழப்பு எதற்கும் அது பொருந்தாது என்றிருந்தது. அடுத்த ஆண்டே, 2012இன் கோடையில், பல பத்தாண்டுகளில் காணாத வறட்சி நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட நிலப்பரப்பைப் பிடித்தது. புல் காய்ந்த நிலத்தில் மாட்டை நிறுத்திக்கொண்டு கவுண்டி அலுவலகத்துக்குப் போனவர்களிடம், திட்டம் காலாவதியாகிவிட்டது என்பதைத் தவிர ஊழியர்களால் சொல்ல முடிந்தது ஒன்றுமில்லை.

அதைவிடக் கொடிய சோதனை 2013 அக்டோபரில் சவுத் டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் வந்தது. ‘அட்லஸ்’ என்று பெயரிடப்பட்ட பனிப்புயல் அக்டோபர் 3 முதல் 5 வரை அங்கே வீசியது. மாதத்தை வைத்துப் பார்த்தால்தான் அதன் கொடுமை விளங்கும். குளிர்நாட்டு மாடுகளுக்கு இலையுதிர்காலம் முற்ற முற்றத்தான் அடர்ந்த குளிர்கால மயிர் வளரும். அக்டோபர் தொடக்கத்தில் அவை இன்னும் கோடை மயிரோடு, மரமோ மறைப்போ இல்லாத கோடைக்கால மேய்ச்சல் வெளியில்தான் நிற்கும். முதலில் பெய்தது பனியல்ல, மழை. தோல்வரை நனைந்து ஊறிய பிறகு வெப்பம் சரிந்து மழை பனியாக மாற, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று அதன்மேல் அடித்தது. காற்றுக்கு முதுகு காட்டி நடப்பது மாட்டின் இயல்பு. நடந்த மாடுகள், பனி மூடி மேடாகிவிட்ட வேலிகளைத் தாண்டி, அடுத்தவர் நிலங்களைத் தாண்டி, நெடுஞ்சாலைகளைத் தாண்டிப் போய், ஓடைப் பள்ளங்களிலும் தாமே தண்ணீர் குடித்துவந்த குட்டைகளிலும் விழுந்தன. ராப்பிட் சிட்டி நகரில் ஏறக்குறைய இரண்டு அடி உயரத்துக்குப் பனி கிடந்தது. பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியில் அதைவிட மிகுதி. பல்லாயிரம் மாடுகள் மாண்டன. தாய்ப்பசுவோடு நின்றிருந்த கன்றுகள் இன்னும் சில வாரங்களில் பால் மறக்கடிக்கப்பட்டுச் சந்தைக்குப் போக வேண்டியவை. வயிற்றில் இருந்தவை அடுத்த ஆண்டுக்குரியவை. ஒரு பசு செத்த இடத்தில் ஈராண்டு வருமானமும் சேர்ந்தே செத்தது.

புயல் வந்த வேளையில் கவுண்டி அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன. நிதி ஒதுக்கீட்டில் உடன்பாடு எட்டாததால் அமெரிக்கக் கூட்டரசின் பணிகள் அக்டோபர் 1 முதல் 16 வரை முடங்கியிருந்தன. தொலைபேசியை எடுக்கவும் ஆளில்லை. எடுத்திருந்தாலும் சொல்வதற்குத் திட்டமில்லை. இப்படியொரு வெற்றிடத்தில் மாநில அதிகாரிகளும் பல்கலைக்கழக விரிவாக்கப் பணியாளர்களும் பண்ணையாளர்களுக்குச் சொன்ன அறிவுரை ஒன்றுதான்: எண்ணுங்கள், படம் எடுங்கள், காதுவில்லை எண்ணைக் குறியுங்கள், தொடர்பில்லாத மூன்றாம் மனிதர் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டிக் கையெழுத்து வாங்கிவையுங்கள். எதற்காக என்று அறுதியிட்டுச் சொல்ல எவராலும் முடியவில்லை, ஒருநாள் சட்டம் வரக்கூடும் என்பதைத் தவிர. தன் கையால் பிறக்கவைத்து வளர்த்த பசு பனி உருகும் சேற்றில் கால் விறைத்துக் கிடக்க, அதன் காதைத் திருப்பிச் சூட்டுக்குறியும் வில்லையும் தெரியும்படி படமெடுத்து, அடுத்ததற்கு நகர்ந்து, அதையும் எடுத்து, பிறகு எல்லாவற்றையும் பெருங்குழியில் தள்ளிப் புதைக்க வேண்டியிருந்தது. உதவித் திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளில் ‘ஆவணப்படுத்தல்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போகும் வேலை இதுதான்.

அரசு வராத இடத்தில் அண்டை மாநிலத்தார் வந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மொன்டானா முதலிய இடங்களிலிருந்து பண்ணையாளர்கள் தம் மந்தையிலிருந்து சினைக் கிடேரிகளை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். பணமாகக் கொடுப்பதைவிட இது பொருத்தமான கொடை. சினைக் கிடேரி வசந்தத்தில் ஈன்றுவிடும் என்பதால், பெற்றவர் ஓராண்டைத் தொலைக்காமல் தொழிலைத் தொடர முடிந்தது.

7 பிப்ரவரி 2014 அன்று புதிய வேளாண் சட்டம் கையெழுத்தானது. அது இம்மூன்று திட்டங்களையும் முடிவு நாள் இல்லாத நிலையான திட்டங்களாக்கியதோடு, 1 அக்டோபர் 2011 வரை பின்னோக்கிப் பொருந்தும்படியும் செய்தது. அதாவது, திட்டம் காலாவதியான மறுநாளிலிருந்தே அது உயிரோடு இருந்ததாகக் கருதப்படும். அவ்வாண்டு ஏப்ரல் 15 அன்று விண்ணப்பங்கள் பெறத் தொடங்கியபோது, ஆறு மாதத்துக்கு முன் சேற்றில் நின்று எடுத்த படங்களும் வாங்கிவைத்த கையெழுத்துகளும் பயன்பட்டன. யார் எண்ணினார்களோ அவர்களுக்குப் பணம் வந்தது. நிலையான விதியின் அருமை தொகையில் இல்லை. எதை எண்ணி வைக்க வேண்டும் என்று இழப்பு நேர்ந்த அன்றே தெரிந்துவிடுவதில் இருக்கிறது. 2012இலும் 2013இலும் அந்தத் தெளிவை மறுத்ததுதான் அந்த ஆண்டுகளில் பண்ணையாளர்களுக்கு இழைக்கப்பட்ட பெரும் அநீதி. பின்னாளில் கொடுத்த பணம் அதை முழுவதும் ஈடுசெய்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதையும் பார்த்துவிடலாம். எந்த மந்தையிலும் ஆண்டுதோறும் சில விலங்குகள் சாவது இயற்கை; அந்தச் சாவுக்கு அரசு பொறுப்பேற்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும், விலங்கின் வகைக்கும் எடைக்கும் ஏற்ப ‘இயல்பு இறப்பு விகிதம்’ ஒன்று முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். அதை மிஞ்சிய சாவுக்கு மட்டுமே இழப்பீடு. ஒரு பேச்சுக்கு, 400 பசுக்கள் உள்ள மந்தையில் இயல்பு இறப்பு 1.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 6 பசுக்கள் கழியும். புயலில் 100 செத்திருந்தால் 94 கணக்கில் வரும். அவற்றின் சராசரிச் சந்தை விலையில் 75 விழுக்காடு கிடைக்கும் என்பதால், 100 பசுக்களை இழந்தவருக்கு 70.5 பசுக்களின் விலை கைக்கு வருகிறது. சராசரி விலை என்பதையும் கவனிக்க வேண்டும். முப்பது ஆண்டுகளாக நல்ல காளைகளைத் தேர்ந்து இணைசேர்த்து, அந்த மண்ணுக்கும் குளிருக்கும் பழகிய மரபுவழி ஒன்றை உருவாக்கியவரின் பசுவுக்கும், சென்ற வாரம் சந்தையில் வாங்கிய பசுவுக்கும் இந்தக் கணக்கில் ஒரே விலைதான்.

வறட்சித் திட்டத்தில் பிணம் எண்ணும் வேலை இல்லை. அங்கே சாட்சி சொல்வது ஒரு வரைபடம். 1999 முதல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் வறட்சி மையமும் அரசுத் துறைகளும் சேர்ந்து வாரந்தோறும் வியாழக்கிழமை வெளியிடும் அந்த வறட்சிக் கண்காணிப்பு வரைபடம், நிலப்பரப்பை வழக்கத்தைவிடச் சற்றே உலர்ந்தது முதல் விதிவிலக்கான வறட்சி வரை ஐந்து படிநிலைகளாகப் பிரித்து நிறமிடுகிறது. தம் கவுண்டியின் மீது எந்த நிறம் எத்தனை வாரம் நின்றது என்பதைக் கொண்டே எத்தனை மாதத் தீவனச் செலவில் 60 விழுக்காடு கிடைக்கும் என்பது முடிவாகிறது. இது விரைவானது, எவரும் சரிபார்க்கக்கூடியது. கவுண்டி எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரே வெயிலில் காய்ந்த புல்லுக்கு உதவி கிடைத்து, இந்தப்பக்கம் கிடைக்காமற்போகும் நேரங்களும் உண்டு. ஆயினும் மனிதர் ஒருவரின் தயவை எதிர்பார்த்து நிற்பதைவிட வரைபடத்தை எதிர்பார்த்து நிற்பது மேல் என்றே பெரும்பாலான பண்ணையாளர்கள் கருதுவர்.

இனித் தேனீக்கு வருவோம். ஒரு ராணியும், சில நூறு ஆண் தேனீக்களும், பல்லாயிரம் வேலைக்காரத் தேனீக்களும் ஒரே பெட்டியில் வாழும் தொகுதியைத் தேனீ வளர்ப்போர் குடும்பம் என்பர். எண்ணிக்கையும் விலையும் இழப்பும் குடும்பக் கணக்கில்தான். 2006 நவம்பரில், ஃபுளோரிடா மாநிலத்தின் ரஸ்கின் அருகே தம் பெட்டிகளைத் திறந்து பார்த்த டேவ் ஹேக்கன்பெர்க் என்ற பென்சில்வேனியத் தேனீ வளர்ப்பாளர், ஏறத்தாழ 400 பெட்டிகளில் பெரும்பாலானவை வெறிச்சோடிக் கிடப்பதைக் கண்டு சொன்னபோதுதான் ‘குடும்பச் சிதைவு’ என்று பின்னர் பெயர்பெற்ற நோய்நிலை உலகின் கவனத்துக்கு வந்தது. மூடியைத் தூக்கினால் அடைச்சட்டங்களில் தேன் அப்படியே இருக்கும். மூடி முத்திரையிட்ட அடைக்குள் புழுக்கள் வளர்ந்துகொண்டிருக்கும். அவற்றைப் போர்த்திச் சூடு தர வேண்டிய வேலைக்காரத் தேனீக்கள் மட்டும் இருக்கமாட்டா. பெட்டியின் அடிப்பலகையிலும் பிணமில்லை, வாசலுக்கு வெளியே புல்லிலும் பிணமில்லை. இதைவிட வியப்பானது, காவலற்ற தேனைக் கண்டால் அரைநாளில் கொள்ளையிட்டுவிடும் அக்கம்பக்கத்துத் தேனீக்களும் அந்தப் பெட்டியை நெருங்குவதில்லை என்பது.

ஓராண்டும் சில மாதங்களும் கழித்து இயற்றப்பட்ட 2008ஆம் ஆண்டுச் சட்டம் தேனீயையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டதற்கு இந்த அதிர்ச்சியே முதன்மைக் காரணம் எனலாம். ஆனால் காணாமற்போனதை எண்ணுவது எப்படி? விதியை எழுதியவர்கள் ஐந்து அறிகுறிகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் குறைந்தது மூன்று இருந்தால் அது குடும்பச் சிதைவு என ஏற்கப்படும் என்றார்கள். பெட்டிக்குள் உயிருள்ள ராணியோ ஆண் தேனீக்களோ இல்லாதிருத்தல். வளர்ந்த வேலைக்காரத் தேனீக்கள் விரைவாகக் குறைந்து புழுக்கள் கவனிப்பாரற்றுக் கிடத்தல். பெட்டிக்கு உள்ளேயும் வாசலிலும் இறந்த தேனீக்கள் காணப்படாதிருத்தல். சிதைந்த பெட்டியைப் பிற தேனீக்கள் கொள்ளையிடாதிருத்தல். வர்ரோவா உண்ணியும் நோசீமா என்ற குடல்நோய்க் கிருமியும் கேடு விளைவிக்கும் அளவில் இல்லாதிருத்தல். இந்த ஐந்தில் ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒன்றின் இன்மையைத்தான் சொல்கின்றன. மாட்டுக்குச் சாட்சி பிணம். தேனீக்குச் சாட்சி பிணமின்மை. நிர்வாக விதி ஒன்று வெறுமையைச் சான்றாக ஏற்கத் துணிந்தது பெரிய காரியம், அதற்காக அந்த விதியை எழுதியவர்களைப் பாராட்டவே வேண்டும்.

ஆனால் வெறுமையை நிறுவ வேண்டுமானால் முன்பு அங்கே நிறைவு இருந்தது என்று நிறுவியாக வேண்டும். தேனீ வளர்ப்போர் தம்மிடம் எத்தனை குடும்பங்கள், எந்தெந்தக் கவுண்டியில் உள்ளன என்ற அறிக்கையை ஆண்டுதோறும் ஜனவரி 2க்குள் அலுவலகத்தில் பதிந்துவைக்க வேண்டும். எண்ணிக்கை மாறினாலோ பெட்டிகளை வேறு கவுண்டிக்கு நகர்த்தினாலோ 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஓரிடத்தில் உட்கார்ந்து தேன் எடுப்பவருக்கு இது எளிது. அமெரிக்க வணிகத் தேனீ வளர்ப்போ நாடோடித் தொழில். கோடையில் டகோட்டா மாநிலங்களின் குளோவர் என்ற தீவனப் பயிரின் மலர்களிலும், குளிர்காலத்தில் தெற்கத்திய மாநிலங்களிலும் வைத்திருந்துவிட்டு, பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பாதாம் தோப்புகள் பூக்கும்போது அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ஏக்கருக்குச் சுமார் இரண்டு குடும்பம் என்ற கணக்கில் 10 லட்சம் ஏக்கரைத் தாண்டிய அந்தத் தோப்புகளுக்கு நாட்டிலுள்ள வணிகக் குடும்பங்களில் பெரும்பகுதியே தேவைப்படுகிறது. பெட்டிகள் இரவில் லாரியேறுகின்றன. பகலில் ஏற்றினால் வெளியே பறந்திருக்கும் தேனீக்கள் தவித்துப்போகும். ஓட்டுபவரும் ஏற்றுபவரும் கணக்கு எழுதுபவரும் பல வேளைகளில் ஒரே ஆள்தான். எழுத்து வேலை பின்தங்குவதும், பின்தங்கிய எழுத்தால் உரிய உதவி நழுவிப்போவதும் அடிக்கடி நேர்வது.

இயல்பு இறப்பு என்ற கருத்தும் தேனீயிடம் வரும்போது வேறு முகம் காட்டுகிறது. மாட்டில் அது நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ. தேனீக் குடும்பங்களுக்கு அது அண்மைக்காலம் வரை 22 விழுக்காடாக இருந்தது. 1,000 குடும்பம் வைத்திருந்தவர் 200 குடும்பத்தை இழந்தால் ஒரு காசும் இல்லை. 620 குடும்பத்தை இழந்தால் 220 கழிந்து மிஞ்சும் 400க்கு 75 விழுக்காடு, அதாவது 300 குடும்பங்களின் விலை. இந்த விகிதம் எங்கிருந்து வந்தது? ஆண்டுக்காண்டு தேனீ வளர்ப்போர் அடையும் இழப்பு கூடிக்கொண்டே போனதால் எது இயல்பு என்பதன் அளவும் மேலேறியது. ஒரு கேடு நீண்டகாலம் நீடித்தால் அதுவே இயல்பாகிவிடுகிறது. இயல்பாகிவிட்டதற்கு உதவி கிடையாது. துன்பம் பழகிப்போனதையே காரணம் காட்டி உதவியைக் குறைக்கும் இந்த ஏற்பாடு தவறானது என்று தேனீ வளர்ப்போர் சங்கங்கள் வாதாடியது நியாயமே. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் தேனீக்கான இயல்பு இறப்பை 15 விழுக்காடு என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது. மேற்சொன்ன கணக்கில் முதலாமவருக்கு இப்போது 50 குடும்பம் தகுதிபெறும், இரண்டாமவருக்கு 470.

அந்தத் திருத்தம் வந்த ஆண்டும் தற்செயலானதன்று. 2024 கோடைக்கும் 2025 தொடக்கத்துக்கும் இடையில் அமெரிக்க வணிகத் தேனீ வளர்ப்போர் சராசரியாகத் தம் குடும்பங்களில் 62 விழுக்காட்டை இழந்ததாகப் ‘புராஜெக்ட் ஏப்பிஸ் எம்’ என்ற அமைப்பு நடத்திய கணக்கெடுப்பு காட்டியது. நாடளாவிய இழப்பு 16 லட்சம் குடும்பங்கள் என மதிப்பிடப்பட்டது. பாதாம் தோப்புக்குக் கொண்டுபோக ஜனவரியில் பெட்டிகளைத் திறந்தவர்கள் வெற்றுச் சட்டங்களைக் கண்டார்கள். மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில்லில் உள்ள வேளாண் துறை ஆய்வகம் ஆராய்ந்ததில், செத்த குடும்பங்களில் வைரஸ்கள் மிகுந்திருந்ததும், அவற்றைப் பரப்பும் வர்ரோவா உண்ணிகள் ‘ஆமிட்ராஸ்’ என்ற, தேனீ வளர்ப்போர் பெரிதும் நம்பியிருந்த மருந்துக்கு அடங்காதவையாகிவிட்டதும் தெரியவந்தது.

வர்ரோவாவைப் பற்றி ஒரு சொல். கடுகைவிடச் சிறிய, செம்பழுப்பு நிறத் தட்டை வடிவ உண்ணி அது. தேனீயின் வயிற்றடியில் ஒட்டிக்கொள்ளும், அடைக்குள் புகுந்து புழுவோடு சேர்ந்து பெருகும். அதன் பிறப்பிடம் ஆசியத் தேனீ. குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் ரப்பர் தோட்டங்களுக்கிடையே பெட்டியில் வளர்க்கப்படும் தேனீயும் அந்த ஆசிய இனத்தைச் சேர்ந்ததே. ஆசியத் தேனீ உண்ணியோடு நெடுங்காலம் வாழ்ந்து, ஒன்றையொன்று நீவிச் சுத்தப்படுத்தி அதைத் தள்ளிவிடும் பழக்கத்தைப் பெற்றிருக்கிறது. மனிதர்கள் ஐரோப்பியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்து அருகருகே வைத்தபோது உண்ணி அதற்குத் தாவியது. 1987இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. ஐரோப்பியத் தேனீக்கு அந்தப் பழைய அறிவு வாய்த்திருக்கவில்லை.

ஈலாப் திட்டத்தில் தேனீக்கென ஏற்கப்படும் நிகழ்வுகளின் வரிசையில் பனிப்புயல், வெள்ளம், சூறாவளி, மின்னல், காட்டுத்தீ, எரிமலை வெடிப்பு, குடும்பச் சிதைவு எல்லாம் உண்டு; வர்ரோவா உண்ணி தனியொரு நிகழ்வாக அதில் இல்லை. மேற்கண்ட ஐந்து அறிகுறிகளிலோ உண்ணி குறைவாக இருப்பதே ஒரு தகுதியாக வைக்கப்பட்டிருக்கிறது. இதன் பின்னுள்ள வாதம் புரியாததன்று. உண்ணியை மருந்திட்டு அடக்குவது வளர்ப்பவரின் கடமை. கடமையில் தவறியவருக்குப் பொதுப்பணத்தைக் கொடுத்தால் அது கருத்தாக வளர்ப்பவருக்கு இழைக்கும் அநீதியாகும். ஆனால் எல்லோரும் நம்பிய மருந்தே பொய்த்துப்போகும்போது, கருத்தாக மருந்திட்டவரும் இடாதவரும் ஒரே வெறும் பெட்டியின் முன்தான் நிற்கிறார்கள். அதைப் பராமரிப்புக் குறைவு என்று சொல்வது, வறட்சியில் புல் காய்ந்ததற்கு மேய்ப்பவரைக் குறை சொல்வதைப் போன்றது. மருந்து வாங்கிய ரசீது, இட்ட தேதி, இட்டபின் உண்ணியை எண்ணிப் பார்த்த குறிப்பு ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு, மருந்து தோற்றதால் வந்த இழப்பைத் தனி நிகழ்வாக ஏற்பதே முறையாகும். மருந்துக்கு அடங்காத உண்ணி எந்தப் பகுதியில் பரவியிருக்கிறது என்று ஆய்வகம் ஒன்று அறிவித்தால் போதும். வறட்சி வரைபடம் செய்யும் வேலையை அது இங்கே செய்துவிடும்.

விலை மதிப்பிலும் குறை உண்டு. திட்டம் ஈடுசெய்வது குடும்பத்தின் சராசரி விலையில் முக்கால் பங்கை. பாதாம் தோப்புக்கு ஒரு பருவம் வாடகைக்கு விட்டால் ஒரு குடும்பத்துக்குச் சுமார் 200 டாலர் கிடைக்கும். பிப்ரவரியில் பெட்டி வெறுமையாக இருந்தால் அந்த வருமானமும் போயிற்று. அதற்கு இதில் இடமில்லை. புதுக் குடும்பத்தை வாங்குவதற்கும், அது வலுப்பெறும்வரை சர்க்கரைப் பாகு ஊட்டுவதற்கும் ஆகும் காலத்துக்கும் இடமில்லை. பேரிடரால் வழக்கத்தைவிட மிகுதியாக வாங்க நேர்ந்த பாகுக்கு மட்டும் 60 விழுக்காடு கிடைக்கிறது.

நிதியின் அளவும் நெடுங்காலம் ஒரு முடிச்சாக இருந்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஈலாப் திட்டத்துக்கு ஆண்டொன்றுக்கு 2 கோடி டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. கோரிக்கைகள் அதைத் தாண்டினால் எல்லோருடைய தொகையையும் விகிதப்படி வெட்ட வேண்டும். எனவே விண்ணப்பித்தவர் தமக்கு எவ்வளவு வரும் என்பதை ஆண்டு முடிந்து எல்லாக் கோரிக்கைகளும் சேரும்வரை அறிய முடியாது. விதி முன்கூட்டியே தெரிந்திருந்தும் பயன் தெரியாத நிலை அது. 2018 பிப்ரவரியில் அந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது. அதன் பிறகுதான் இந்தத் திட்டம் பண்ணையாளர் ஒருவர் நம்பி வங்கியில் பேசக்கூடியதாயிற்று.

விட்டுப்போனவற்றுக்கான கூடை என்ற தன்மை ஒரு வகையில் வலிமையாகவும் அமைந்தது. 2021இன் வறட்சியில் தீவனம் கிடைக்கும் இடம் தொலைவாகிவிட, அதை ஏற்றிவரும் லாரிச் செலவிலும் ஒரு பங்கு இதில் சேர்க்கப்பட்டது. முதல் 25 மைலுக்கு இல்லை, அதற்கப்பால் 60 விழுக்காடு. 25 மார்ச் 2024 அன்று டெக்சாஸ், கான்சாஸ் மாநிலக் கறவை மாடுகளிடம் எச்5என்1 பறவைக் காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டபோது இந்தக் கூடையின் பயன் இன்னும் தெளிவாயிற்று. நோய்ப்பட்ட மாடுகள் தீனி எடுக்காமல் நின்றன. மடியில் வந்த பால் சீம்பால் போல மஞ்சளித்துத் தடித்திருந்தது. பிறகு கறவையே வற்றியது. ஆனால் பெரும்பாலான மாடுகள் சாகவில்லை. செத்தால் மட்டுமே தரும் திட்டத்தால் இவற்றுக்கு ஒன்றும் செய்ய இயலாது. வேளாண் துறை ஈலாப் வழியாகப் பால் இழப்புக்கு ஈடு தர முடிவு செய்து, அவ்வாண்டு ஜூலையிலிருந்து விண்ணப்பங்களைப் பெற்றது. அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரிலுள்ள தேசியக் கால்நடை ஆய்வகம் நோயை உறுதிசெய்திருக்க வேண்டும். அப்படியானால் ஒரு மாடு 21 நாள் பாலே தராது, அடுத்த 7 நாள் பாதி அளவு தரும் என்று கொண்டு, இழந்த பாலின் மதிப்பில் 90 விழுக்காடு வழங்கப்படும். ஒவ்வொரு மாட்டையும் நாள்தோறும் கறந்து அளந்து காட்டச் சொல்லவில்லை. 24.5 நாள் பால் என்று விதியே கணக்கிட்டுக்கொண்டது. சான்றின் சுமையை நோயுற்ற தொழுவத்திலிருந்து எடுத்து ஆய்வகத்தின் மீது வைத்தது. விரைவில் சொல்லிவிட்டால் நட்டம் என்று அஞ்சி நோயை மறைப்பதற்கிருந்த காரணமும் இதனால் குறைந்தது. தேனீக்கு வேண்டுவதும் இத்தகைய ஏற்பாடுதான்.

அந்த ஏற்பாடு வரும்வரை நிலைமை வேறு. மாடு வளர்ப்போர் பலர் சட்டைப் பையிலேயே ஒரு சிறு குறிப்பேடு வைத்திருப்பார்கள். எந்தப் பசு எந்த நாள் ஈன்றது, கன்றுக்கு என்ன எண் என்பதை மழையில் நனைந்த தாளில் பென்சிலால் எழுதியிருப்பார்கள். தேனீ வளர்ப்போரிடம் பெட்டி மூடியின் மேல் ஒரு செங்கல் இருக்கும்; படுத்திருந்தால் குடும்பம் நலம், நின்றிருந்தால் ராணியைப் பார்க்க வேண்டும் என்பது போன்ற குறி அவரவருக்கு உண்டு. செங்கல்லின் நிலை இன்னொருவருக்குப் புரியாது, அலுவலகத்தில் அது ஏற்கப்படுவதுமில்லை. ஆகவே பாதாம் பூக்கும் முன், பெட்டிகளை இன்னும் திறந்து பார்த்திராத ஜனவரி முதல் நாட்களில், லாரியின் முன்னிருக்கையில் உட்கார்ந்து, எந்தக் கவுண்டியில் எத்தனை குடும்பம் என்று தம் நினைவிலுள்ள செங்கற்களைப் படிவத்தின் கட்டங்களுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.